கையொப்பமும் சொற்பொருளும்: பதினேழாம் நூற்றாண்டுச் சமயப் பூசல்களில் மொழி வினாக்கள்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சமய வரலாறு பெரும்பாலும் கத்தோலிக்கர்க்கும் புரொட்டஸ்டண்டினர்க்கும் இடையே நிகழ்ந்த போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1618 முதல் 1648 வரை நீடித்த முப்பதாண்டுப் போரும், 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நான்ட் அரசாணையைத் திரும்பப் பெற்றதும் இவ்வரலாற்றின் முதன்மை நிகழ்வுகளாகும். எனினும் அந்நூற்றாண்டின் கருத்து மாறுபாடுகளுள் பல, இரு முகாம்களுக்கும் இடையே அன்றி, ஒவ்வொரு முகாமின் உள்ளேயும் தோன்றியவை. இத்தகைய உட்பூசல்களில் அதிகாரம் கையாண்ட முதன்மைக் கருவி உறுதிமொழிப் படிவமாகும். குறிப்பிட்ட வாசகத்தை ஏற்றுக் கையொப்பமிடுமாறு குருமாரும் துறவியரும் ஆசிரியரும் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

இப்படிவங்களுள் இரண்டு மொழியியலாளரின் கவனத்திற்கு உரியவை. ஒன்று கத்தோலிக்கப் பிரான்சில் யான்சேனியருக்கு எதிராக வகுக்கப்பட்டது. மற்றொன்று 1675இல் புரொட்டஸ்டண்டு சுவிட்சர்லாந்தில் உருவானது. முன்னது ஒரு நூலின் பொருள் யாது என்பது பற்றியும், பின்னது ஒரு மொழியின் எழுத்துமுறை எக்காலத்தது என்பது பற்றியும் மக்களின் மனச்சான்றைக் கட்டுப்படுத்த முயன்றன. ஆய்வால் தீர்க்கப்பட வேண்டிய வினாவை ஆணையால் தீர்க்க முற்பட்டபோது நிகழ்ந்தது யாது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது.

1. ஐந்து கூற்றுகளும் ஒரு நூலும்

ஈப்ரு நகர ஆயராக இருந்த கொர்னேலியுஸ் யான்சேன் 1638இல் மறைந்தார். அவர் இலத்தீனில் எழுதிய ‘அகுஸ்தினுஸ்’ என்னும் பெருநூல் 1640இல் லூவேன் நகரில் வெளிவந்தது. இறையருள், மனித விருப்புரிமை ஆகியன பற்றிப் புனித அகுஸ்தீன் கொண்டிருந்த கருத்தை மீட்டெடுப்பதாக அந்நூல் கூறியது. இயேசு சபையினர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பாரிசுக்கு அருகிலிருந்த போர்ட் ராயல் கன்னியர் மடத்தைச் சார்ந்த அறிஞர்கள் அதனை ஆதரித்தனர். அவர்களுள் தலைமையானவர் அந்துவான் அர்னோ.

யான்சேனின் கருத்துகள் எனச் சொல்லப்பட்ட ஐந்து கூற்றுகளைத் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் 1653இல் கண்டித்தார். இங்குதான் ஒரு நுண்ணிய சிக்கல் எழுந்தது. முதற் கூற்று மட்டுமே நூலில் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் காணப்பட்டது. ஏனைய நான்கும் அவ்வடிவில் நூலில் இல்லை. அவை நூற்கருத்தின் சுருக்கமே என எதிர்ப்பாளர் கூறினர். அர்னோ இதனை இரு வினாக்களாகப் பிரித்தார். அக்கூற்றுகள் பிழையானவையா என்பது கோட்பாட்டு வினா. அவை யான்சேனின் நூலில், அவர் கருதிய பொருளில் உள்ளனவா என்பது செய்தி வினா. முன்னதில் திருச்சபையின் தீர்ப்புக்கு அனைவரும் பணிய வேண்டும். பின்னதில் நூலைப் படித்தறிவதைத் தவிர வேறு சான்று இல்லை என்பது அவர் வாதம். இதன் விளைவாக 1656இன் தொடக்கத்தில் அவர் பாரிசு இறையியற் புலமான சோர்போனிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குத் துணையாகப் பாஸ்கல் புனைபெயரில் எழுதிய பதினெட்டு ‘மாகாணக் கடிதங்கள்’ 1656, 1657 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

இப்பிரிவினையை அடைக்கும் வகையில், 1656 அக்டோபரில் திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டர் புதிய ஆணைமடல் ஒன்றை வெளியிட்டார். ஐந்து கூற்றுகளும் அந்நூலிலிருந்தே எடுக்கப்பட்டவை என்றும், யான்சேன் கருதிய பொருளிலேயே அவை கண்டிக்கப்பட்டன என்றும் அது அறிவித்தது. ஒரு நூலாசிரியரின் கருத்து இன்னது என்பதே இவ்வாறு பணிவுக்குரிய செய்தியாக மாறியது. 1665இல் அவர் மற்றோர் ஆணைமடலின் வழி உறுதிமொழிப் படிவத்தையே வகுத்தளித்தார்.

2. அறியாத மொழியில் ஒரு சான்றுரை

1661 முதல் போர்ட் ராயல் கன்னியரும் கையொப்பமிட வேண்டும் என வற்புறுத்தப்பட்டனர். அவர்களின் நிலை அறிஞர்களின் நிலையினும் இடர் மிக்கது. இலத்தீன் இறையியல் நூலைப் படித்தறியும் பயிற்சி தங்களுக்கு இல்லை என்றும், படிக்காத நூலில் இன்ன பொருள் உள்ளது எனச் சான்று பகர்வது பொய்ச்சான்று ஆகும் என்றும் அவர்கள் வாதிட்டனர். கோட்பாட்டில் பணிவதற்கு அவர்கள் அணியமாக இருந்தனர். அவர்கள் மறுத்தது செய்தியைத்தான். பாஸ்கலின் தங்கை ஜாக்லின் கையொப்பத்தைக் கடுமையாக எதிர்த்து அவ்வாண்டு ஜூன் திங்களில் மடல் எழுதினார். பின்னர் ஏனையோருடன் சேர்ந்து விளக்கக் குறிப்புடன் கையொப்பமிட்ட அவர், அக்டோபரில் மறைந்தார்.

பாரிசுப் பேராயர் பெரேஃபிக்ஸ் 1664இல் ஒரு சமரசம் கண்டார். கோட்பாட்டை இறைநம்பிக்கையாலும் செய்தியை மனித நம்பிக்கையாலும் ஏற்றால் போதும் என்றார். மேலோர் சொல்லை மதித்து நம்புவது என்பதே இதன் கருத்து. கன்னியருள் பெரும்பாலோர் இதனையும் ஏற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பன்னிருவர் மடத்திலிருந்து அகற்றப்பட்டு வேறு மடங்களில் தனித்து வைக்கப்பட்டனர். மறுத்தோர் அருட்சாதனங்களைப் பெறும் உரிமையையும் இழந்தனர். துறவியர்க்கு இது மிகக் கொடிய தண்டனையாகும்.

போர்ட் ராயலின் மொழிச் சிந்தனை இச்சூழலில் உருவானது என்பது பலரால் போதிய அளவு கருதப்படவில்லை. அர்னோவும் குளோத் லான்சலோவும் இயற்றிய ‘பொதுப் பகுத்தறிவு இலக்கணம்’ 1660இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. லான்சலோ கற்பித்த போர்ட் ராயல் சிறு பள்ளிகள் அதே ஆண்டில் அரசால் மூடப்பட்டன. அர்னோவும் பியேர் நிக்கோலும் எழுதிய ‘அளவையியல்’ 1662இல் வெளிவந்தது. சோம்ஸ்கி 1966இல் ‘கார்ட்டீசிய மொழியியல்’ என்னும் நூலில் இவற்றை எடுத்தாண்டபின், ஒரு தொடருக்குள் பல தீர்ப்புகள் அடங்கியிருக்கும் என்னும் இவற்றின் விளக்கம் மொழியியலாளரிடையே பரவலாக அறியப்பட்டது.

ஆயினும் அளவையியலின் மற்றொரு பகுதி கையொப்பப் பூசலோடு நேரடித் தொடர்புடையது. சில கூட்டுச்சொற்கள் ஒரே பொருளைச் சுட்டுவன போலத் தோன்றும். ஆனால் பயன்படுத்துவோர் வெவ்வேறு பொருள்களை அவற்றில் ஏற்றுவர். இது சொல்லின் இயல்பால் வரும் பலபொருண்மையன்று. பிழையால் வரும் பலபொருண்மை. இதற்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ‘ஓர் ஆசிரியரின் கருத்து’ என்பது. ஆசிரியரின் கருத்து யாது என்பதே வழக்கில் இருக்கும்போது அத்தொடர் எதனையும் உறுதியாகச் சுட்டாது. யான்சேன் பெயரைக் கூறாமலேயே ஆணைமடலின் வாசகத்தை இவ்விளக்கம் திறனாய்வு செய்கிறது எனலாம்.

3. புள்ளிகளின் காலம்

இதே காலப்பகுதியில் புரொட்டஸ்டண்டு உலகிலும் ஒத்த நிகழ்வு நடந்தது. எபிரேய எழுத்துமுறையில் மெய்களே எழுத்துகளாக அமைந்துள்ளன. உயிரொலிகள் எழுத்தின் கீழும் மேலும் இடப்படும் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறிக்கப்படுகின்றன. இக்குறிகள் மறைநூலோடு தொன்றுதொட்டு வந்தவையா, பிற்காலத்தார் சேர்த்தவையா என்பது வினா. பிற்காலத்தவை என யூத இலக்கண அறிஞர் எலியா லெவிதா 1538இலேயே எழுதியிருந்தார். பாசல் நகரப் பேராசிரியர் மூத்த பக்ஸ்டார்ஃப் 1620இல் ‘திபேரியாஸ்’ என்னும் நூலில் அதனை மறுத்தார்.

பிரான்சின் சோமூர் நகரில் இருந்த சீர்திருத்தச் சபைக் கல்விக்கூடத்தின் எபிரேயப் பேராசிரியர் லூயி கப்பெல், மொழிச் சான்றுகளைத் தொகுத்து லெவிதாவின் முடிவை நிறுவினார். எர்பெனியுஸ் என்னும் அரபு மொழி அறிஞரின் முயற்சியால் அந்நூல் 1624இல் லெய்டனில் ஆசிரியர் பெயரின்றி அச்சாயிற்று. கப்பெலின் அடுத்த பெருநூலான ‘கிரிட்டிகா சாக்ரா’ புரொட்டஸ்டண்டு நகரங்களில் அச்சேற வழியின்றிப் பல்லாண்டுகள் காத்திருந்து, கத்தோலிக்க அறிஞர்களின் உதவியால் 1650இல் பாரிசில் வெளிவந்தது.

இவ்வளவு எதிர்ப்பு ஏன்? புரொட்டஸ்டண்டினர்க்கு மறைநூலே இறுதிச் சான்று. ‘த-ப-ர’ என்னும் மூன்று எபிரேய மெய்களைத் ‘தாபார்’ எனப் படித்தால் ‘சொல்’ என்றும், ‘தேபெர்’ எனப் படித்தால் ‘கொள்ளைநோய்’ என்றும் பொருள்படும். உயிர்க்குறிகள் மனிதர் இட்டவை எனில் மறைநூலின் பொருளும் மனிதர் தந்த மரபைச் சார்ந்ததாகிவிடும்; ஆகவே திருச்சபை மரபு இன்றியமையாதது என ழான் மொரன் போன்ற கத்தோலிக்க அறிஞர் வாதிட்டனர். கப்பெல் இவ்விரண்டு நிலைகளையும் ஏற்கவில்லை. சூழலும் தொடரமைப்பும் சரியான படிப்பைப் பெரும்பாலும் காட்டிவிடும் என்பது அவர் விடை. புள்ளியின்றியும் எகர ஏகார வேறுபாடின்றியும் எழுதப்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர்க்கு இவ்விடையின் வலிமை எளிதில் விளங்கும்.

1675இல் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தச் சபைகள் சோமூர்க் கருத்துகளுக்கு எதிராக ‘எல்வெத்திய இசைவு’ என்னும் உறுதிமொழியை வகுத்தன. அதனை எழுதியவர் சூரிச் நகர இறையியலாளர் ஐடெக்கர். ஜெனீவாவில் அதனை ஏற்கச் செய்ய முனைந்தோருள் முதன்மையானவர் பிரான்சுவா துர்ரெத்தீனி. எபிரேய மறைநூலின் மெய்களைப் போலவே உயிர்களும் இறைஏவல் பெற்றவை என அது அறுதியிட்டது. குருமார் பணிக்கு வருவோர் இதற்கும் கையொப்பமிட வேண்டியதாயிற்று. ஒலிக்குறிகளின் காலக்கணிப்பு சமய நம்பிக்கையின் பகுதியானது.

இப்படிவத்தில் ஒரு நுட்பம் உண்டு. இறைஏவல் புள்ளி வடிவங்களுக்கு உரியதாகலாம். இல்லையேல் அவை குறிக்கும் ஒலிமதிப்புக்கேனும் உரியது என அதன் வாசகம் நெகிழ்வாக அமைந்தது. வரிவடிவம், ஒலி ஆகியவற்றுக்கு இடையிலான இவ்வேறுபாடு எதிர்ப்பாளரின் ஆய்வு உணர்த்திய வேறுபாடே ஆகும். கண்டிக்க எழுந்த வாசகத்திலேயே கண்டிக்கப்பட்டோரின் பகுப்பாய்வு இடம்பெற்றுவிட்டது.

4. பூசல்களின் முடிவு

இரு படிவங்களும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பிரான்சில், செய்தி வினாவில் மதிப்பார்ந்த மௌனம் காக்கலாம் என்னும் விளக்கத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைத்து நான்கு ஆயர்கள் கையொப்பமிட்டனர். அதன்பின் திருத்தந்தை ஒன்பதாம் கிளெமென்ட் காலத்தில் 1669இல் அமைதி ஏற்பட்டது. ஆனால் அர்னோ 1679இல் நாட்டைவிட்டு வெளியேறி, 1694இல் பிரசல்சில் மறைந்தார். 1705இல் மௌனம் போதாது என மீண்டும் ஆணை பிறந்தது. எஞ்சியிருந்த முதிய கன்னியர் 1709இல் பிரித்து அனுப்பப்பட்டனர். 1711 முதல் மடமும் இடிக்கப்பட்டது. ஜெனீவாவிலோ 1706இல் கையொப்பக் கட்டாயம் கைவிடப்பட்டது. அதற்கு முன்னின்றவர் பிரான்சுவா துர்ரெத்தீனியின் மகன் ழான் அல்போன்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

கருத்து மாறுபட்டோர் அனைவரும் பிறர் மாறுபாட்டைப் பொறுத்துக்கொண்டனர் எனக் கருதுதல் பொருந்தாது. அர்னோவும் நிக்கோலும் கால்வினியரோடு நற்கருணை பற்றி நெடிய வாதப்போர் நடத்தினர். 1683இல் வெளிவந்த அளவையியல் பதிப்பில் இதற்கெனவே சில இயல்கள் சேர்க்கப்பட்டன. இயேசு அப்பத்தை எடுத்துக் கூறிய வாசகத்தில் ‘இது’ என்னும் சுட்டு அப்பத்தைக் குறிப்பதால் அவ்வாசகம் உருவகமே என்பது கால்வினியர் வாதம். அளவையியலார், சுட்டுச்சொல் ‘முன்னுள்ள பொருள்’ என்னும் தெளிவற்ற கருத்தை மட்டுமே குறிக்கும் என்றும், அப்பம் என்பது கேட்போர் மனம் சேர்த்துக்கொள்ளும் துணைக்கருத்து என்றும் விடையளித்தனர். சொற்பொருளையும் சூழலால் சேரும் கருத்தையும் பிரித்துணரும் இம்முயற்சி இன்றைய பயன்வழியியலுக்கு முன்னோடியாகும். ஆனால் அது பிறந்த இடம் வாதக்களம்.

எபிரேய உயிர்க்குறிகள் பொதுக்காலம் ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் திபேரியாஸ் மரபினரால் முழுமை பெற்றவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. இதனைத் தந்தவை சுவடிகளும் ஒப்பீட்டு இலக்கணமுமே. யான்சேனின் உட்கருத்து பற்றிய வினாவோ அத்தகைய முடிவை இன்னும் எட்டவில்லை. எழுத்தின் காலம், நூலின் பொருள் என்னும் இவ்விரண்டும் ஒரே தன்மையன அல்ல. முன்னதைச் சான்றுகள் தீர்க்கும். பின்னதை ஒவ்வொரு தலைமுறையும் மூலத்தைப் படித்தே காணவேண்டியுள்ளது. ‘மூல ஆசிரியரின் கருத்து’ என்னும் தொடரை நாள்தோறும் கையாளும் மொழிபெயர்ப்பாளர், அதனை உறுதிப்படுத்த மறுத்த கன்னியர் தாம் படிக்காத நூலுக்குச் சான்று கூற இயலாது என்றே மறுத்தனர் என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.