கின்ஸ்மென்

இரண்டு ஆல்ட்டோ சாக்ஸபோன்களைச் சுற்றி ஏழு பேர் வாசித்த ஜாஸ்–கர்நாடக இசைத்தட்டு. 2008இல் நியூயார்க்கின் பை ரெக்கார்டிங்ஸ் வெளியிட்டது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் முன்னின்ற தட்சிணா குழுவின் பதிவு இது.

மகந்தப்பா 1971இல் இத்தாலியில் பிறந்து, கொலராடோவில் வளர்ந்தவர். பெற்றோருக்குப் பூர்வீகம் கர்நாடகம். மாணவப் பருவத்தில் அவருடைய அண்ணன் கேலியாக ஒரு இசைத்தட்டைப் பரிசளித்தார். அதில் வாசித்திருந்தவர் கோபால்நாத்.

கோபால்நாத் (1949–2019) தட்சிண கன்னடத்து நாகஸ்வர வித்துவானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அதில் கர்நாடக இசையைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தார், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியுடன் மேடையேறியதால் ஜாஸ் அவருக்குப் புதிதல்ல. காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்துவானாகவும் இருந்தார். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அவரைக் கேட்டது 1994இல் வந்த ‘டூயட்’ படத்தில்தான்.

இந்தத் தட்டின் சுவை, ஒரே கருவியை வாசிக்கும் இருவரைக் காதால் பிரித்தறிவதில் இருக்கிறது. நாகஸ்வரத்தில் துளையை விரல் பாதி மூடலாம். சீவாளியில் உதடு வேலை செய்யும். சாக்ஸபோனின் துளைகளை மூடுவதோ விசைகள்: திறப்பு அல்லது மூடல், இடைப்பட்ட நிலை அரிது. கோபால்நாத் கருவியில் மாற்றங்கள் செய்தும், உதட்டாலும் மூச்சாலும் இழைத்தும் கமகத்தை வரவழைத்தார். ஸ்வரத்தில் நேரே போய் அவர் நிற்பது குறைவு; வழுக்கிக்கொண்டு வந்து சேர்வார். மகந்தப்பாவின் நாதம் கூர்மையானது. வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டிச் சொல்லும். முசரவாக்கம் போன்ற காஞ்சிபுரத்து ஊர்களில் கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலாமவர் உடனே பிடிபடுவார். இரண்டாமவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மற்ற ஐவர்: வயலினில் ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவலூர் ஸ்ரீஜி, கராச்சியில் பிறந்த கிட்டார் கலைஞர் ரெஸ் அப்பாஸி, பாஸில் கார்லோ டி ரோசா, டிரம்ஸில் ராயல் ஹார்டிகன். கன்யாகுமரி கோபால்நாத்துடன் பல மேடைகளில் இணைந்து வாசித்தவர் என்பதால் அவர்களுக்குள் பேச்சே தேவையில்லாத ஒரு புரிதல் கேட்கிறது.

பெரிய ஜாஸ் பேண்டில் பதினைந்து, பதினாறு பேர் எழுதிவைத்ததைப் பெரும்பாலும் சேர்ந்து வாசிப்பார்கள். இந்த எழுவரைப் போன்ற சிறு குழுவில் முகப்பு மெட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் முறைவைத்து மனோதர்மத்தில் இறங்குவார்கள். கச்சேரி கேட்டவர்களுக்கு இது பழகிய விஷயம். நம் கச்சேரியே சிறு குழுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கச்சேரியில் வயலின் பிரதானக் கலைஞரை நிழலாகத் தொடரும். ஜாஸில் பாஸ் அப்படித் தொடராது. தன் போக்கில் நடந்து தரையைப் போட்டுக்கொடுக்கும். தனி வாசிப்பவர் அதன்மேல் சாயலாம், அதை எதிர்த்தும் போகலாம். ஆகவே சாக்ஸபோனை விட்டுவிட்டுப் பாஸை மட்டும் ஒருமுறை கேட்பது பயன்தரும். ‘கணேஷா’, ‘கல்யாணி’ என்ற பெயர்களைப் பார்த்துக் கீர்த்தனையை எதிர்பார்ப்பவர்கள் சற்றுக் குழம்பக்கூடும். நீண்ட உருப்படிகளுக்கு நடுவே வரும் குறும் ஆலாபனைகள் அவர்களுக்கு எளிய நுழைவாயில்.

அதே 2008இல் மகந்தப்பா, அப்பாஸியுடனும் தபலா வாசித்த டான் வைஸுடனும் ‘ஆப்தி’ என்ற தட்டையும் வெளியிட்டார். மூன்றே பேர் என்பதால் சாக்ஸபோனின் ஒவ்வொரு மூச்சும் அதில் இன்னும் துலக்கமாக விழும்.