விரலும் எழுத்தாணியும்: மின்தேக்குத் தொடுதிரை உள்ளீட்டை இனங்காணும் முறையின் வளர்ச்சி

மின்தேக்குத்திறனைக் கொண்டு இடமறியும் பரப்பில் எழுத்தாணி விரலுக்கு முந்தியது. 1964இல் கலிபோர்னியாவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மால்கம் டேவிஸும் டாம் எல்லிஸும் விவரித்த ராண்ட் டேப்லெட் 10 அங்குலச் சதுரப் பலகை. அதன் பரப்புக்கு அடியில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 செம்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்த மின்துடிப்பு வரிசை உண்டு. எழுத்தாணியின் முனை கோட்டைத் தொடாமலே, மின்தேக்குப் பிணைப்பின் வழியே, அந்தத் துடிப்புகளை வாங்கியது. வாங்கிய வரிசை எதுவோ அதுவே இடம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை இவ்வாறு பிரித்தறிய முடிந்தது. பலகை சொல்ல, எழுத்தாணி கேட்டது.

விரலுக்கான வழி வேறு. இங்கிலாந்தின் மால்வர்னில் ராயல் ரேடார் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த காட்சித்திரையின் முகப்பில் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. விரல் பட்டதும் கம்பியின் மின்தேக்குத்திறன் மாறியது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடே இதன் நோக்கம். 1970களில் செர்ன் ஆய்வகத்தில் பெண்ட் ஸ்டும்பேயும் ஃபிராங்க் பெக்கும் உருவாக்கிய ஒளிபுகும் தொடுதிரை, துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றது. அதில் இருந்தவை 16 பொத்தான்கள். எழுதும் தேவையே எழவில்லை.

2007இல் ஐபோனால் பரவலான திரையில் கண்ணுக்குப் புலப்படாத மின்முனைகள் வரிசைகளாகவும் நிரல்களாகவும் அமைந்துள்ளன. ஒரு திசையில் சிக்னல் செலுத்தி மறுதிசையில் அளப்பார்கள். ஒவ்வொரு சந்திப்பின் மின்தேக்குத்திறனும் ஒரு பிக்கோபாரடை ஒட்டிய சிற்றளவே. உடல் மின்கடத்தி என்பதால், அருகே வரும் விரல் சிக்னலின் ஒரு பங்கைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. சந்திப்பில் அளவு குறைகிறது. மின்முனைகளின் இடைவெளி 4 அல்லது 5 மி.மீ. விரல் பல சந்திப்புகளை மூடுவதால், குறைவுகளின் எடைமையத்தைக் கணித்து மி.மீ.க்கும் நுண்ணிய துல்லியம் பெறலாம். எழுத்தாணியின் 1 மி.மீ. முனை இழுக்கும் சிக்னலோ இரைச்சலில் கரைந்துவிடும். மலிவான எழுத்தாணிகளின் முனை தடித்த ரப்பராக இருப்பது இதனால்தான். உண்மையில் அவை விரலின் போலிகள். திரையால் இரண்டையும் பிரித்தறிய இயலாது.

இனங்காண வழி செய்தது மின்கலம் கொண்ட எழுத்தாணி. இஸ்ரேலின் என்-டிரிக் நிறுவனத்தின் எழுத்தாணி, பின்னர் 2015இல் வந்த ஆப்பிள் பென்சில் ஆகியவற்றின் முனை தானே சிக்னல் வெளியிடுகிறது. விரலைத் தேடும் சுற்றுகளுக்கு இடையே திரை செலுத்துவதை நிறுத்தி, தன் மின்முனைகளை ஏற்பிகளாக்கிச் செவிசாய்க்கிறது. விரலால் சிக்னல் குறையும், எழுத்தாணியால் கூடும், அலைவெண்ணும் வேறு. சில எழுத்தாணிகளில் அழுத்த அளவும் அதே வழியில் வரும். எழுத்தாணி அருகில் இருப்பது தெரிந்தால், உள்ளங்கையின் அகன்ற தடத்தைத் திரை ஒதுக்கிவிடும். (2011இல் வந்த கேலக்ஸி நோட்டின் பேனா இந்த வகையன்று, அது காட்சித்திரைக்கு அடியிலுள்ள தனிப் பலகையின் காந்தப்புலத்தால் இயங்கியது.)

இத்தகைய எழுத்தாணிகளுக்காக 2015இல் தொடங்கிய யூ.எஸ்.ஐ. பொதுத்தரத்தில் திரை முதலில் மின்முனைகளின் வழியே அழைப்பு அனுப்புகிறது. எழுத்தாணி அதைக் கேட்டு, ஒதுக்கப்பட்ட கணத்தில் விடை தருகிறது. ராண்ட் பலகையின் முறையில் அன்று இல்லாதது இந்த விடை.