முசிறியிலிருந்து பேராக்குக்கு



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய தாள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வந்தான். அதில் ‘திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா’ என்று இருந்தது. “காவிரி ஓடுற ஊரை விட்டுட்டு எங்க பூட்டன் ஏன் சார் இங்க வந்தாரு?” என்று கேட்டான். நல்ல கேள்வி! அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது காவிரி. திருச்சிக்கு மேற்கே அதன் வடகரையில் முசிறி, எதிர்க்கரையில் குளித்தலை. வடக்கே கொல்லிமலையும் பச்சைமலையும் நிற்கின்றன. கொல்லிமலையில் தோன்றும் ஐயாறு முசிறிப் பக்கம் வந்து காவிரியோடு சேர்கிறது. ஆற்றோரத்தில் நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால், பாய் முடையும் கோரை என்று எங்கும் பச்சைதான்.

ஆனால் ஆற்றை விட்டு வடக்கே கொஞ்சம் நடந்து பாருங்கள். வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் கடலையும் மழை பெய்தால் உண்டு. பெய்யாவிட்டால் கஞ்சிக்கும் வழியில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நன்செய்ப் பக்கமோ நிலம் மிராசுதார் கையில். சேற்றில் இறங்கியவனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆறு ஓடியது உண்மைதான். அது எல்லார் வயலுக்கும் ஓடவில்லை!

அதே காலத்தில் நம் பேராக்கில் என்ன நடந்தது? 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. ரப்பர் விலை ஏறியது. காடு அழிந்து தோட்டமானது. ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்ற பின், கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், மாமன் மச்சான், பங்காளி என்று ஆள் திரட்டினார். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் ‘தலைக்காசு’ உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, பலர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமிலும் இருந்துவிட்டே தோட்டம் வந்தார்கள். ஒரே லயத்தில் ஒரே ஊர்க்காரர்கள் இருந்ததற்குக் காரணம் இதுதான். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்கட்டலைத் தடை செய்தது. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலும் 1973-இல் நின்றது. போக்குவரத்துக் குறைய, ஊர்ப்பெயரும் மறக்கத் தொடங்கியது.

இங்கே நம்மவர்கள் வந்து சேர்ந்ததும் ஆற்றுச் சமவெளிதான். பேராக் ஆறு சுமார் 400 கிலோமீட்டர் நீளம். கிந்தா ஆறு அதில் வந்து கலக்கிறது. தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயம் இடிந்தால் அங்கே பேசிய கதையும் அதோடு போய்விடும்.

ஆகவே செல்வங்களே, இன்று பரிசு வாங்கி வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, “நம்ம ஊரு எது? எந்த தாலுகா? யார் முதல்ல வந்தாங்க?” என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வறுமையைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வந்தவர்கள் உழைத்ததால்தான் இன்று நாம் எழுதுகிறோம், படிக்கிறோம். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்!