மனநோயாய்த் தோன்றிய கட்டிகள்

1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 18 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதயப் படபடப்பு, தலைவலி, குளிர்ந்த வியர்வை, இவற்றோடு காரணம் தெரியாத அச்சம். யாவும் திடீரென வரும். பின்னர் தாமே அடங்கும். அவர் மரணித்த பின், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் இரண்டிலும் கட்டிகள் இருந்ததை மருத்துவர் ஃபெலிக்ஸ் ஃப்ரான்கெல் பதிவு செய்தார்.

அட்ரினலின் என்னும் சுரப்புநீர் அன்று கண்டறியப்படவே இல்லை. பாம்பைக் கண்டவுடன் நம் உடல் சுரக்கும் அதே நீரை, பாம்பே இல்லாதபோது அக்கட்டி கொட்டுகிறது. ஆகவே அந்த அச்சம் நடிப்பன்று. 1926இல் சுவிட்சர்லாந்தில் சீசர் ரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் இத்தகைய கட்டிகளை அறுவைச் சிகிச்சையால் அகற்றி வெற்றி கண்டனர். அப்பெண்ணின் நோய் குடும்பவழி மரபணு மாற்றத்தால் வந்தது என்பதோ 2007இல்தான் வெளிவந்தது. உறவினர் வழியில் அம்மாற்றம் தொடர்ந்திருந்தது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், சுரப்பிக் கோளாறுகளால் விளையும் மனக் குழப்பங்களைப் பற்றி 1913இலேயே தனிக் கட்டுரை எழுதினார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியை 1932இல் அவர் விரித்துரைத்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்நோயில், முகம் உருண்டு பருக்கும் முன்னரே சிலருக்கு மனச்சோர்வும் எரிச்சலும் தலைகாட்டுவதுண்டு.

ஜின்கள் உண்டென்பது நம் ஈமானில் அடங்கியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஓதிப்பார்க்க வேண்டி என்னிடம் பிள்ளைகளை அழைத்து வருவோரிடம், ஓதிய பின், "இரத்த அழுத்தம் பார்த்தீர்களா?" என்றும் கேட்கிறேன். பலர் என்னை வியப்போடு பார்க்கின்றனர்!

நோன்பு நோற்கும் நாம் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. கணையத்தில் தோன்றும் ஒருவகைக் கட்டி இன்சுலினை அளவின்றிச் சுரக்கும். வயிறு காலியாகும்போது சர்க்கரை தாழ்ந்து, அம்மனிதர் உளறுவார், சினப்பார், சில வேளை வலிப்பும் வரும். கனடாவின் டொராண்டோவில் 1929இல் ராஸ்கோ கிரஹாம் அத்தகைய கட்டியொன்றை அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார். பட்டினியில் தொல்லை வருதல், அவ்வேளை இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருத்தல், சர்க்கரை கொடுத்ததும் தெளிதல் ஆகிய மூன்றையும் அடையாளமாக 1930களில் வகுத்தவர் ஆலன் விப்பிள்.

இக்கட்டிகள் மிக அரியவை. மனச்சோர்வுற்ற பெரும்பாலோரிடம் இவை இரா. எனினும் அஸருக்குப் பின் நிலைதடுமாறி, இஃப்தாரில் பேரீச்சம்பழம் உண்டதும் தெளிபவர் வீட்டில் இருந்தால், அந்த நேரக் கணக்கை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.