தோற்றுப்போன நாலாவது செட்

தேவாலாவில் மழை பிடித்துக்கொண்டால் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் புத்தகம்தான் துணை. இந்த முறை படித்தது டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் தன்வரலாறான 'ஓப்பன்'. 2009-ல் வந்த நூல். பிள்ளைகளை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்காக அதைப் பற்றி எழுதுகிறேன்.

அகாசியின் அப்பா இம்மானுவேல், ஈரான்காரர். 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஈரானுக்காகக் குத்துச்சண்டையில் இறங்கியவர். பிறகு அமெரிக்கா போய், லாஸ் வேகாஸ் நகரச் சூதாட்ட விடுதியில் வேலை பார்த்தார். பிள்ளைகளில் ஒருவரையாவது டென்னிஸ் சாம்பியன் ஆக்கியே தீருவது என்று உறுதி கொண்டார். மூத்த மூவரிடம் அது பலிக்கவில்லை. கடைக்குட்டி ஆந்த்ரே மாட்டிக்கொண்டான்.

வீட்டுக்குப் பின்னால் கோர்ட், பந்து வீசும் இயந்திரம். சிறுவன் அதற்கு வைத்த பெயர் 'டிராகன்'. ஒரு நாளைக்கு 2,500 பந்து. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் பந்து அடிக்கும் பையனை யாராலும் வெல்ல முடியாது என்பது அப்பாவின் கணக்கு.

கணக்கு பலித்தது. மகன் 8 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றார். அதில் முதலாவது 1992 விம்பிள்டன். ஐந்து செட் ஆட்டத்தில் நாலாவது செட் மட்டும் 1-6 என்று மோசமாகப் போயிருந்தது. வென்றதும் அப்பாவுக்குப் போன் செய்தால், அவர் பேச்சை எடுத்தது அந்த நாலாவது செட்டில் இருந்துதான்! இத்தனை வென்றவர், டென்னிஸை வெறுத்தேன் என்று எழுதுகிறார்.

ஆஸ்திரேலியாவின் யெலெனா டோகிச் கதை இன்னும் கொடுமை. 2000-ல் விம்பிள்டன் அரையிறுதி வரை வந்த 17 வயதுப் பெண். தோற்றதற்காக அன்றிரவு அப்பா தங்குமிடத்துக்கே வரக்கூடாது என்றுவிட்டார். பெல்ட்டால் அடி வாங்கியதையும் தன் 2017 நூலில் எழுதியிருக்கிறார்.

நம் ஊரிலும் அப்பாவிடம் பயின்ற சாம்பியன் உண்டு. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தை டி.கே. ராமநாதன்தான் குரு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற முதல் ஆசியர் கிருஷ்ணன். 1960, 1961-ல் அரையிறுதி. மகன் ரமேஷ் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். தந்தையும் மகனும் சேர்ந்தே தங்கள் டென்னிஸ் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்கள், சென்னையில் பயிற்சி மையமும் தொடங்கினார்கள். அப்பா சொல்லிக்கொடுப்பதே தப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தபோது ஒரு மாணவன் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் இடம் வந்தான். சான்றிதழை என் மேசையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னான். "ஃபர்ஸ்ட் வரலன்னா அப்பா ரெண்டு நாளைக்குப் பேசமாட்டாரு சார்." அப்பா கெட்டவர் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளி. விளையாட்டு ஒதுக்கீட்டில் மகனுக்கு ஒரு வேலை கிடைத்தால் லைன் வீட்டை விட்டு வெளியேறலாம் என்ற தவிப்பு. ஆனால் அந்தத் தவிப்பின் முழுப் பாரமும் பத்து வயதுப் பையன் தோளில் இருந்தது.

அகாசி மணந்துகொண்டது ஸ்டெஃபி கிராஃபை. அவரும் அப்பாவிடம் பயின்றவர்தான். இவ்வளவு பெரிய இரண்டு சாம்பியன்களும் தங்கள் பிள்ளைகளை டென்னிஸுக்குள் தள்ளவில்லை. மகன் பேஸ்பால் ஆடினார்.

பயிற்சிக்கு அனுப்புங்கள், காலையில் எழுப்பிவிடுங்கள், கண்டிப்பும் இருக்கட்டும். தோற்று வரும் நாளில் மட்டும் ஸ்கோரைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பயிற்சிக்கு அனுப்பும் என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் வீட்டில் எப்படி என்று எழுதுங்களேன்.