கிருபையினால் இரட்சிப்பு

மனிதன் பாவத்திலிருந்து மீட்கப்படுவது நற்செயலுக்குக் கிடைக்கும் கூலி அல்ல, கடவுள் இலவசமாகத் தரும் ஈவு என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. பவுலின் ரோமர், கலாத்தியர், எபேசியர் நிருபங்களே இதற்கு முதன்மை ஆதாரம். லூக்கா 23ஆம் அதிகாரம் இதைக் கண்முன் நிறுத்துகிறது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு ஞானஸ்நானம் பெறவோ, செய்த தீங்கை ஈடுகட்டவோ வழியில்லை. தன்னை நினைத்தருளும்படி கேட்டான், அன்றே பரதீசு வாக்களிக்கப்பட்டது. இதைவிடத் தெளிவான விளக்கம் இறையியல் நூல்களில் அரிது.

இக்கோட்பாட்டுக்கு மாறாக, மனிதனால் தன் மன உறுதியாலேயே கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்றார் பெலாஜியஸ் என்னும் போதகர். அந்த மன உறுதியே நோயுற்றது, அதைத் தூக்கி நிறுத்தவும் கிருபை வேண்டும் என்று மறுத்தார் ஹிப்போ ஆயர் அகஸ்டின். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கருத்தைக் கண்டித்தது.

விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்று 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் போதித்தார். இதையொட்டி மேலைத் திருச்சபை பிளவுண்டது. கிருபையே முந்திக்கொள்கிறது, மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான் என்றது கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் (1547). லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மெதடிஸ்ட் சபைகளின் உலகப் பேரவை 2006இல் அதனுடன் இணைந்தது.