எஞ்சின் மட்டும்

கோபத்தில் கத்துகிறவன் இலக்கணம் பார்ப்பானா? 1985ல் வந்த 'தி கிளிங்கன் டிக்‌ஷனரி'யில் இலக்கணப் பகுதியின் கடைசியில், சில பக்கங்களே உள்ள ஓர் அத்தியாயம் இதைப் பேசுகிறது. பெயர் 'கிளிப்ட் கிளிங்கன்'. கத்தரித்த கிளிங்கன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்டார் ட்ரெக் பார்க்காதவர்களுக்காக: கிளிங்கன்கள் சண்டைக்காரர்கள். 1979ல் வந்த முதல் படத்தில் அவர்கள் பேசிய சில வரிகளை உருவாக்கியவர் ஜேம்ஸ் டூஹன் என்ற நடிகர். முழு மொழியாக்கியவர் மார்க் ஓக்ராண்ட், 1984ல் வந்த மூன்றாவது படத்துக்காக. மனுஷன் சும்மா ஆள் இல்லை. கலிபோர்னியப் பூர்வகுடி மொழியான முட்சுனின் இலக்கணத்தை எழுதி 1977ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சியில் எழுத்து ஓட்டுகிற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்த வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'வந்தேன்' என்றால் வந்தது யார் என்பது வினையின் வாலில் இருக்கிறது. கிளிங்கனில் அது தலையில் இருக்கும். செய்தது யார், எதைச் செய்தார் இரண்டையும் ஒரே அசை சொல்லிவிடும். 'வி' என்று முன்னால் வந்தால் 'நான் அதை'. கட்டளைக்குத் தனி முன்னொட்டுகள் உண்டு. 'விய் யிச்சா' என்றால் 'போர்த்திரையைக் காட்டு'. அவசரத்தில் அந்த 'யி'யை விழுங்கி 'விய் ச்சா' என்று உறுமலாம். கட்டளை, நெருக்கடியில் நிலவரம் சொல்வது, உணர்ச்சி வேகத்தில் மனதில் உள்ளதைக் கொட்டுவது என மூன்று இடங்களில் இப்படிக் கத்தரிக்கலாம் என்கிறது புத்தகம்.

முதல்முறை படித்தபோது, ராணுவப் பேச்சை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று வியந்தேன். கதை வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

படத்தில் தளபதி க்ரூஜ், எதிரிக் கப்பலைச் சுடும்போது 'எஞ்சின் மட்டும்' என்கிறார். கிளிங்கனில் 'ஜோன்டா நெஹ்'. பீரங்கிக்காரன் சுட்டதில் கப்பலே சிதறிவிடுகிறது. 'எஞ்சின் மட்டும்னுதானே சொன்னேன்!' என்று க்ரூஜ் கத்துவதாகத்தான் காட்சியை எடுத்தார்கள். படப்பிடிப்பு முடிந்தபின் திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு மாறியது: 'எனக்குக் கைதிகள் வேண்டியிருந்தது!' எழுத்து ஓட்டுகிறவரின் மொழியை, ஓடுகிற எழுத்தே மாற்றிவிட்டது.

வாயசைவு கெடக் கூடாது. ஓக்ராண்ட் முன்பகுதியைக் 'கைதிகள்' என்று ஆக்கினார். 'ஜோன்டா நெஹ்' அப்படியே நின்றது, ஆனால் அர்த்தம் மாறியது. 'ஜோன்' என்றால் பிடி, 'டா' என்றால் செய்து முடித்தாயிற்று, 'மட்டும்' என்றிருந்த 'நெஹ்'ஷுக்கு 'விரும்பு' என்றும் ஒரு பொருள். எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. 'நான்' என்று சொல்லும் 'வி' இரண்டு வினைகளிலும் இல்லை. முன்னொட்டு இல்லாத வினைக்கு 'அவன்' என்று பொருள். இலக்கணப்படி க்ரூஜ் கத்துவது, 'அவனுக்குக் கைதிகள் வேண்டியிருந்தது'.

இதே வாக்கியம் அந்த அத்தியாயத்தில், உணர்ச்சி வேகத்தில் முன்னொட்டு விழுவதற்கு உதாரணமாக உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு இது ரொம்பப் பழக்கமான தந்திரம். முதல் வேலையில் நான் எழுதிய படிவம் ஒன்றில், தேதியைக் காலியாக விட்டால் இன்றைய தேதி தானாக விழும். அது நான் கவனிக்காமல் விட்ட பிழை. வாடிக்கையாளர் கண்டுபிடித்ததும், மேலாளர் ராவோடு ராவாகப் பயனர் கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்: 'தேதி தராவிட்டால் இன்றைய தேதி எடுத்துக்கொள்ளப்படும்.' எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் கழித்து யோக்கியனாக அதைச் சரிசெய்தேன். உடனே போன் வந்தது. "இருந்த வசதியை ஏன் சார் எடுத்தீங்க?"

ஆனாலும் ஓக்ராண்ட் செய்தது என் மேலாளர் செய்ததைவிட மேலான காரியம் என்றே நினைக்கிறேன். ஒரு வரிக்குச் சமாதானம் சொல்லி அவர் நிறுத்தவில்லை. எங்கே கத்தரிக்கலாம் என்று வரையறுத்தார், அதுவும் ஜனங்கள் நிஜமாகவே கத்தரிக்கிற இடங்களில். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எங்கள் குழுவில் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "டிபி?" "போச்சு." "ரீஸ்டார்ட்?" "போட்டாச்சு." யார் போட்டது என்று 'போட்டாச்சு' சொல்வதில்லை. தமிழிலும் வால் காணாமல் போகிறது. யாரும் அதைப் பிழை என்பதில்லை.

கொஞ்ச நாள் கிளிங்கன் கற்க முயன்றேன். முன்னொட்டு மறந்தபோதெல்லாம் 'இது கத்தரித்த நடை' என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிதானமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

படத்தில் அந்தப் பீரங்கிக்காரனை க்ரூஜ் அங்கேயே சுட்டுச் சாம்பலாக்குகிறார். முடிவில் க்ரூஜும் சாகிறார். அவர் ஆட்களில் மால்ட்ஸ் என்ற ஒருவன் மட்டும் உயிரோடு சிக்குகிறான். கிளிங்கன் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மால்ட்ஸ் சொன்னதுதான் என்பது ஓக்ராண்ட் விடாமல் சொல்லிவருகிற கதை. அந்தப் படத்தில் கிடைத்த ஒரே கிளிங்கன் கைதி அவன்.